கால், அரை, முக்கால்

அவளை ஆலையில் எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் இளையவர்கள் மீட்டர் அக்கா என்றார்கள். மேனேஜருக்கு அவள் மீட்டரம்மா. வெளியாட்கள் ஆலையைப் பார்வையிட வரும் நாட்களில் மட்டும் அவளுக்கு எந்தப் பெயரும் இருக்காது. அன்று அவளைப் பெட்டி அடுக்கும் அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆலையின் தொழில் பாட்டில் கழுவுவது. குளிர்பானக் கம்பெனிகளின் காலி பாட்டில்கள் லாரி லாரியாக வந்து இறங்கும். உள்ளே சிகரெட் துண்டு, எறும்பு, ஆணி, பூஞ்சை. ஒருமுறை யாருடையதோ கடைவாய்ப் பல். எல்லாவற்றையும் போக்கிப் புதுப் பாட்டில்போல் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது காஸ்டிக் சோடா. வெள்ளைச் செதில்களாக மூட்டையில் வரும். பார்க்க ரொம்பச் சாது. சுடுதண்ணீரில் கரைத்துவிட்டால் கொழுப்பையும் பசையையும் பூஞ்சையையும் தின்று தீர்க்கும். கொஞ்சம் அசந்தால் கையையும்.

தொட்டியில் அது இரண்டு சதவீதத்திலிருந்து மூன்றுக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் பூஞ்சை போகாது. மூன்றைத் தாண்டினால் கண்ணாடி மங்கும், பாட்டிலில் அச்சடித்த எழுத்து உரியும். அளந்து பார்க்க முறையான வழி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் தண்ணீரை எடுத்து, ஒரு மருந்தைச் சொட்டினால் ரோஸ் நிறமாகும். பிறகு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நிறம் போகிறது என்று எண்ண வேண்டும். பத்து நிமிட வேலை. மீட்டர் அதை அரை நிமிடத்தில் முடிப்பாள். நீளப் பிடி போட்ட கரண்டியால் மொண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, டம்ளரைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆறவிடுவாள். கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் உள்ளே விட்டு எடுத்து மூன்று முறை தேய்ப்பாள். எவ்வளவு வழுக்குகிறது என்பதுதான் கணக்கு.

"ரெண்டே கால்."

சூப்பர்வைசர் பதிவேட்டில் 2.25 என்று எழுதுவார்.

"ரெண்டே முக்கால். இன்னைக்கு மூட்டையைப் பிரிக்க வேணாம்."

2.75.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சேர்ந்த முதல் மாதத்தில், தொட்டியோரம் சிந்தியதைத் துடைத்தபடி, "நேத்துக்கு இன்னைக்குக் கம்மியா இருக்கே" என்று சொல்லிவைத்தாள். சிரித்தார்கள். அளந்து பார்த்தார்கள். கம்மியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அவளைச் சொல்லச்சொல்லி அளந்து பார்த்தார்கள். ஏழு நாளும் சரியாக இருந்தது. எட்டாம் நாளிலிருந்து அளப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வாங்கிய மருந்துப் புட்டி முத்திரைகூடப் பிரிக்காமல் அலமாரிக்குள் போயிற்று. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்து உச்சியிலும் 'சோதனை முறை: டைட்ரேஷன்' என்று அந்தச் சொட்டு எண்ணும் முறையின் பெயர் அச்சடித்திருந்தது. அது அப்படியே இருந்தது. அதன்கீழே பத்தொன்பது வருடமாக அவள் விரல்.

ஒருமுறை கையுறை கேட்டாள். ஸ்டோரில் பெட்டி நிறைய இருந்தது.

"கையுறை போட்டா வழுக்கல் எப்படிம்மா தெரியும்? அப்புறம் மீட்டரைக் கழட்டி ரிப்பேருக்குத்தான் அனுப்பணும்" என்றார் சூப்பர்வைசர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

விரல் நுனிகளில் ரேகை போய்விட்டது. மெழுகு ஊற்றி வார்த்ததுபோல மொழுமொழுவென்று ஆயின. அவளால் செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்ட முடியாது. பஸ் டிக்கெட் கையில் நிற்காது. அவள் கணவர் தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்து சாவி வெட்டிக் கொடுப்பவர். அவருக்கு இது நல்ல வாய்ப்பு.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து தொழில் ஆரம்பிச்சா ஊர்ல ஒரு வீடு தப்பாது. பூட்டை நான் தொறக்கறேன். உள்ள போய் எல்லாத்தையும் நீ தொடு. போலீஸ் தலைகீழா நின்னாலும் ஒரு ரேகை கிடைக்காது."

"முதல்ல நம்ம வீட்டு அலமாரிப் பூட்டைச் சரி பண்ணுங்க. ரெண்டு வருஷமாச்சு."

நான்கு வருடம் முன்பு வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் வந்தது. வைத்தால் வந்துவிட்டதாகப் பதிந்துகொள்ளும். மற்றவர்களுக்கு அது நன்றி சொல்லிற்று. அவளுக்கு, "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. பத்து விரலுக்கும் அதே பதில். சூப்பர்வைசர் அவளுக்கென்று மட்டும் ஒரு நோட்டுப் போட்டு, வருகையைக் கையால் எழுத ஆரம்பித்தார். ஆனாலும் தினமும் காலையில் அவள் ஒருதரம் விரலை வைத்துப் பார்ப்பாள். ஒருதரம் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போவாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, பாட்டில்களை நகர்த்தும் சங்கிலி ஓடாத நேரத்தில் தொட்டியைக் காலி செய்வார்கள். நாலாயிரம் லிட்டர். காகிதக் கூழும் பசையும் கலந்து கறுத்த தண்ணீர். பின்சுவரில் இருக்கும் குழாயைத் திறந்தால் நேரே வாய்க்காலுக்குப் போகும். திறப்பதற்கு முன்னால் அமிலம் ஊற்றிக் கலக்கிக் காரத்தை முறிக்க வேண்டும். அதற்கும் மீட்டர்தான். அவள் விரலைவிட்டு, "வழுக்கல் போச்சு, தொறங்க" என்று சொன்னால்தான் திறப்பார்கள். அரை நாள் ஆகும். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடுவதில்லை. வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிவரை தூங்கக் கிடைத்ததே என்று சும்மா இருந்தாள். கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் பலமுறை சொல்லிக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை வாத்துக்காரர் ஆலை வாசலுக்கு வந்தார். இடுப்புவரை ஈரம். இரண்டு கக்கத்திலும் இரண்டு வாத்து. அவர் மீட்டரின் தெருக்காரர். வாய்க்கால் கரையில், ஆலைச் சுவரிலிருந்து ஐம்பது தப்படி கீழே அவருடைய பட்டி இருந்தது. நூற்று நாற்பது வாத்து.

"என் வாத்தெல்லாம் முங்குது" என்றார்.

காவல்காரர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "வாத்து முங்காம, நீங்களும் நானுமா முங்குவோம்?"

"முங்கினா மேல வரணும்ல? இது வரல. கல்லு மாதிரி உள்ள போகுது."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "நீச்சல் மறந்துபோச்சோ என்னவோ. டியூப் கட்டி விட்டுப் பாருங்க அண்ணாச்சி."

அன்று ஆலை முழுக்க அதுதான் பேச்சு. நீச்சல் தெரியாத வாத்து. தேநீர் வேளையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரித்தார்கள். மீட்டர் சிரித்தபடிதான் வாசலுக்கு வந்தாள். வாசலைவிட்டு நகராமல் நின்ற வாத்துக்காரர் ஒரு வாத்தை நீட்டினார். வாங்கினாள். ஊறிய கந்தலைத் தூக்கியதுபோல் இருந்தது. தண்ணீரிலிருந்து ஏறிய வாத்து ஒரு உதறு உதறினால் காய்ந்துவிடும் என்பது தெருவில் எல்லோரும் பார்த்ததுதான். இது உடம்போடு ஒட்டிப்போய், தோல் தெரிய, நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவரோடு வாய்க்காலுக்குப் போனாள். தண்ணீர் அதிகம் ஓடாத நாள். நத்தைகள் வாய் பிளந்து மிதந்தன. சிறு மீன்கள் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன. நடுவில் நாலைந்து வாத்துகள் கழுத்து மட்டும் வெளியே தெரிய இருந்தன. அவர் இறங்கி ஒன்றைப் பிடிப்பதற்குள் இன்னொன்றின் கழுத்தும் காணாமல் போயிற்று.

அவள் குனிந்து மூன்று விரலைத் தண்ணீரில் விட்டாள். மூன்று முறை தேய்த்தாள்.

"கால் இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு?"

"காஸ்டிக் அண்ணே. நூத்துல கால் பங்கு. முறிக்காமத் தொறந்து விட்டிருக்காங்க."

மத்தியானம் கால்நடை டாக்டர் வந்தார். அதற்குள் முப்பத்தேழு வாத்து செத்திருந்தது. உயிரோடு இருந்தவற்றை வாத்துக்காரர் தன் வீட்டு முன்னறையில் வைக்கோலைப் பரப்பி அடைத்திருந்தார். டாக்டர் ஓர் இறகைப் பிடுங்கித் தண்ணீர் தொட்டு விரலில் தேய்த்தார். லேசாக நுரைத்தது.

"வால்கிட்ட ஒரு சுரப்பி இருக்கும். அதுலேருந்து எண்ணெயை அலகால எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கும். எண்ணெய் இருக்கறவரைக்கும் தண்ணி ஒட்டாது. காரம் பட்டா அந்த எண்ணெய் சோப்பாகிக் கரைஞ்சு போயிடும். அப்புறம் இறகுக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் கிடையாது. தண்ணியை உறிஞ்சி, கனம் ஏறி, குளிர்ல விறைச்சு, முங்கிடும்."

மீட்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர், காஸ்டிக்ல விரலை விட்டா வழுக்குதே, அது என்ன?"

"எதுக்கு விடணும்?"

"வேலை அது."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"எட்டு. பத்தொன்பது வருஷமா."

டாக்டர் அவள் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வழுக்கறது காஸ்டிக் இல்லம்மா. உங்க தோல்ல இருக்கற கொழுப்பு. அதுதான் அங்கேயே சோப்பாகுது. இந்த வாத்துக்கு ஒரே நாள்ல ஆனது, உங்களுக்குத் தவணை முறையில ஆயிட்டிருக்கு."

இத்தனை வருடமாக அவள் அளந்துகொண்டிருந்தது எதை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் ஆலையில் இருந்தார்கள். மேனேஜர் இரசாயனம் படித்தவர். கண்ணாடிச் சட்டம் போட்ட பட்டம் அவர் அறையில் தொங்கியது.

அன்று மாலை தொட்டியோரம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விரலை விடவில்லை.

"மீட்டரு, எவ்வளவு?" என்று சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கேட்டார்.

"ரெண்டரை" என்றாள்.

2.50 என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் அவளுக்கு நாற்காலி போட்டது அதுவே முதல்முறை. தேநீரும் வந்தது. சாஸரோடு.

"உக்காருங்க மீட்டரம்மா. வாத்து விஷயமா நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேருந்து வர்றாங்க. சின்ன ஃபார்மாலிட்டி." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

தட்டச்சு செய்த தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டி நீரை நானே சோதித்தேன், காரம் முறிந்துவிட்டது என்று நானே சொன்னேன், அதன்பேரில்தான் குழாய் திறக்கப்பட்டது, பிழை ஏற்பட்டிருந்தால் அது என் கவனக்குறைவால் ஏற்பட்டது. கீழே அவள் பெயர்.

"ஞாயித்துக்கிழமை நான் வரவே இல்லையே சார்."

"நோட்டுல வந்ததா இருக்கே." அவளுக்கென்று போட்டிருந்த நோட்டைத் திறந்து காட்டினார். ஞாயிறு, காலை ஆறு மணி, வந்தார். சூப்பர்வைசரின் கையெழுத்து.

"மெஷின்ல பாருங்க சார், தெரியும்."

"மெஷின்தான் உங்க விரலை எடுக்கறதே இல்லையே" என்றார் மேனேஜர். மிகவும் வருத்தத்தோடு சொன்னார்.

அவள் தேநீரைத் தொடவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார். காஸ்டிக் ஒன்றும் விஷமில்லை. நாம் குளிக்கிற சோப்பிலும் அதுதான். காற்றுப் பட்டால் வெறும் சோடா உப்பு ஆகிவிடும், மண்ணில் தங்காது, உடம்பில் சேராது. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் சோப்பில் இருக்கும் காரம் கொழுப்பைத் தின்று முடித்த காரம். தொட்டியில் இருப்பது இன்னும் பசியோடு இருக்கிறது. அந்தப் பசி முறிகிறவரைக்கும் அரை நாள் காத்திருக்க அலுப்புப்பட்டுக்கொண்டு, ஆறு மாதமாகக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மழைநாட்களில் வாய்க்கால் நிறைய ஓடியதால் தெரியவில்லை. தண்ணீர் வற்றியதும் வாத்து சொல்லிவிட்டது.

"யாரையும் தண்டிக்கப் போறதில்லம்மா" என்றார் மேனேஜர். "மனுஷங்க செய்யற தப்புன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க. இல்லேன்னா ஆலையை மூடுவாங்க. நூத்தி இருபது குடும்பம். யோசிச்சுப் பாருங்க."

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"நாளைக்குக் காலையில."

வீட்டில் கணவர் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். தாளைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். படித்தார்.

"கையெழுத்துப் போட்டா?"

"அத்தனை வாத்தையும் கொன்னது நான்னு ஆகும்."

"போடலேன்னா?"

"வேலை போகும்."

அவர் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பத்தொன்பது வருஷம் உன் வாயிலேருந்து வந்ததை எழுதிக்கிட்டாங்க. இப்ப அவங்க எழுதினதை உன் வாயில திணிக்கறாங்க. பரவாயில்ல, நல்லாத் தேறிட்டாங்க." சிரிக்காமல் சொன்னார்.

அப்போது வாத்துக்காரர் வந்தார். படியேறவில்லை. தெருவிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். நீ பார்த்துச் சொல்லாமக் குழாயைத் தொறக்கவே மாட்டாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. ஞாயித்துக்கிழமையும் நீ சொல்லித்தான் தொறந்தாங்களாமே?"

"நான் சொல்லல அண்ணே. நான் அன்னைக்குப் போகவே இல்ல."

 "சரி" என்றார். போய்விட்டார்.

அந்தச் 'சரி'யில் அவர் நம்பினாரா இல்லையா என்பது தெரியவில்லை. இருபது வருடத் தெரு. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் வாங்கியவள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எதிரே வாத்துக்காரர் வீட்டு முன்னறையில் நூறு வாத்து ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தது.

அதிகாரி புதன்கிழமை பத்து மணிக்கு வந்தார். நடுத்தர வயதுப் பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. தோளில் பழைய பை. முதலில் வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீரில் கருவியை விட்டுப் பார்த்தார். காரத்தைக் காட்டும் pH எண் எட்டே முக்கால். ஒன்பதுவரை அனுமதி உண்டு.

"பார்த்தீங்களா மேடம்" என்றார் மேனேஜர்.

"மூணு நாள் ஆச்சே சார். தண்ணி இங்கேயேவா நிக்கும்?" என்றார் அதிகாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பதிவேட்டைக் கொண்டு வாங்க."

தொட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தது. மீட்டரைப் பெட்டி அடுக்கும் அறைக்கு அனுப்பவில்லை. புத்தம்புதிதாய் ஒரு வெள்ளை அங்கி கொடுத்து மேசையருகில் நிறுத்தியிருந்தார்கள். அங்கிப் பைக்குள் கையெழுத்துப் போடாத தாள். சூப்பர்வைசர் அவளைப் பார்ப்பதும் அவள் பையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அதிகாரி ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே விரலை வைத்தார். "வெளியேற்றும் முன் காரம், 0.02. யார் டெஸ்ட் பண்ணினது?"

"இவங்கதான் மேடம். எங்க சீனியர் டெஸ்டர்" என்றார் மேனேஜர். "ரொம்ப அனுபவசாலி. ஆனா பாருங்க, மனுஷங்கதானே. அதைப் பத்தி அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. கொடுங்கம்மா."

பத்தொன்பது வருடம் கதவுக்குப் பின்னால் இருந்தவள் ஓர் இரவில் சீனியர் டெஸ்டர் ஆகியிருந்தாள்.

அவள் தாளை எடுக்கவில்லை.

"எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் வலது கையை நீட்டி மூன்று விரலைக் காட்டினாள். "இதால."

மேனேஜர் சிரித்தார். "விளையாட்டுக்குச் சொல்றாங்க."

"அந்த அலமாரியைத் தொறக்கச் சொல்லுங்க மேடம். மேல்தட்டுல ஒரு புட்டி இருக்கும்."

இருந்தது. தூசு படிந்து, முத்திரை பிரியாமல். காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அதிகாரி அதை மேசையில் வைத்து, பதிவேட்டை வைத்து, இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப இதுல இருக்கற நம்பரெல்லாம்?"

"நான் சொன்னது. விரலை விட்டுப் பார்த்துச் சொல்லுவேன், அவர் எழுதுவார். ஞாயித்துக்கிழமை நம்பரை மட்டும் நான் சொல்லல. நான் வரல."

"நோட்டுல—" என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"மேடம், பக்கத்தைப் பின்னாடி புரட்டிப் பாருங்க" என்றாள் அவள்.   "எந்த மாசம் வேணும்னாலும், எந்த வருஷம் வேணும்னாலும் எடுங்க. ரெண்டு, ரெண்டே கால், ரெண்டரை, ரெண்டே முக்கால். நான் பார்த்த ஞாயித்துக்கிழமைல வெறும் சைபர். அவ்வளவுதான் இருக்கும். என் விரலுக்குத் தெரிஞ்சது காலு, அரை, முக்காலு. அதுக்குக் கீழ எனக்குத் தெரியாது. சைபர் பாயிண்ட் சைபர் ரெண்டுன்னு எழுதியிருக்காரே, அது எந்த விரலு?"

அதிகாரி புரட்டினார். 2.25. 2.50. 2.50. 2.00. 2.75. போன வருடம். அதற்கு முந்திய வருடம். மேசைக்குக் கீழிருந்த பழைய பதிவேடுகளை எடுக்கச் சொன்னார். எல்லாம் கால், அரை, முக்கால்; பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் 0. பிறகு இந்த ஆறு மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். 0.03. 0.01. 0.04. 0.02.

 சங்கிலியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போயின.

சூப்பர்வைசர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வெறும் சைபர்னு போட்டா நம்பற மாதிரி இருக்காதேன்னுதான் மேடம்..."

மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையில் பாட்டில் கழுவியிருக்கலாம். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "மேடம், ஒரு லேபரோட விரலை எல்லாம் சாட்சியா எடுத்துக்க முடியுமா?"

"பத்தொன்பது வருஷம் எடுத்துக்கிட்டீங்களே சார்" என்றாள் மீட்டர். "கம்பெனிக்காரங்க வந்து பார்த்து, இந்தப் புத்தகத்தைத்தானே காட்டிச் சர்டிஃபிகேட் வாங்கினீங்க? அப்ப என் விரல் நல்ல விரல். இப்ப மட்டும் லேபர் விரலா? இன்னொண்ணும் சொல்லிடறேன் மேடம். திங்கட்கிழமை சாயங்காலத்துலேருந்து நான் விரலே விடல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையும் எழுதியிருப்பார், பாருங்க. இங்க யாருக்கும் வித்தியாசம் தெரியல."

அதிகாரி தும்மினார். "விரல் சாட்சி ஆகாதுன்னா இந்தப் புத்தகமும் ஆகாது சார். எது ஆகாதுன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறேன்." காத்திராமல் அவரே எழுத ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து, கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டார். "எனக்குச் சும்மா தெரிஞ்சுக்கணும். தொட்டியில இப்ப எவ்வளவு இருக்கும்?"

மேசையில் டம்ளர் இருந்தது. மீட்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்ககிட்ட கருவி இருக்குல்ல மேடம்."

ஆலையைப் பதினொரு நாள் நிறுத்தினார்கள். காரத்தை முறிக்கத் தனித் தொட்டி கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கட்டினார்கள். மருந்துப் புட்டிகள் வந்தன. அளக்க, படித்த ஒருவர் வந்தார். வாசலில் 'பாதுகாப்பே முதல்' என்று பெரிய பலகை வைத்தார்கள். சூப்பர்வைசரை வாய்மொழியாக எச்சரித்ததாகச் சொன்னார்கள். மீட்டரைப் பெட்டி அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். இந்தமுறை கதவைச் சாத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஐந்தாவது வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கடந்த பத்தொன்பது வருடங்களாக, நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளை மீறி, கையுறை அணியாமல் அபாயகரமான இரசாயனத்தில் விரலை விட்டு வந்துள்ளீர்கள். அதன்மூலம் உங்கள் உடல்நலத்துக்கும் நிறுவனத்தின் நற்பெயருக்கும் ஊறு விளைவித்துள்ளீர்கள். ஏன் உங்கள்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

கணவர் உரக்கப் படித்தார். முடித்தபின் மறுபடி முதலிலிருந்து படித்தார், வேறு யாருக்கோ வந்ததோ என்பதுபோல.

"உன் விரலை நீயே திருடிட்டேன்னு சொல்றாங்க" என்றார். "நான் அப்பவே சொன்னேன், வா, சேர்ந்து தொழில் பண்ணலாம்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, "பேனாவைக் கொடுங்க" என்றாள். பேனா விரலில் வழுக்கியது. அவர் அதில் நூலைச் சுற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது வாத்துக்காரர் கூப்பிட்டார். வாத்துகளுக்கு எண்ணெய் ஊறிவிட்டது, தண்ணீரில் விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்னறையிலிருந்து அவற்றை ஓட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றிருந்தார். வாத்துகள் இறங்கத் தயங்கின. அவரும் தயங்கினார்.

"தங்கச்சி, நீ பார்த்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் விடுவேன்."

"டாக்டர் சொல்லிட்டாரே அண்ணே."

"அவர் வாத்தைப் பத்திச் சொன்னார். தண்ணியைப் பத்தி நீ சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மூன்று விரலை மட்டும் விடாமல், கையை மணிக்கட்டுவரை தண்ணீரில் விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். குளிர்ச்சியாக இருந்தது. தேய்த்தாள். தோல் தோலில் பட்டு நின்றது.

"ஒண்ணுமில்ல. விடுங்க."

முதல் வாத்து இறங்கியது. கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்து மிதந்தது. வாத்துக்காரர் அடுத்ததைத் தள்ளிவிட்டார்.

அதனால் ஆலைக்குத் தாமதமாகத்தான் போனாள். வாசலில் விரலை வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது இயந்திரம். உள்ளே போய்ச் சூப்பர்வைசரின் மேசையில் விளக்கக் கடிதத்தை வைத்தாள். ஒரு பக்கம்கூட இல்லை. அவர் நின்றபடியே படித்தார்.

'கையுறை கேட்டேன். கையுறை போட்டால் வழுக்கல் தெரியாது என்று சொல்லித் தரவில்லை. சொன்னவர் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறார். அன்று சிரித்தவர்களின் பெயர்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் என் பெயரும் இருக்கிறது. வழுக்கியது என் தோல்தான் என்று இரசாயனம் படித்தவர்களுக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மூன்று நாட்களுக்குள் எனக்கு விளக்கம் தர வேண்டும். இதன் நகல் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் போயிருக்கிறது.'

சூப்பர்வைசர் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். "இதை நான் எப்படிம்மா மேல அனுப்பறது?"

"அனுப்புங்க, அனுப்பாம இருங்க. வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க." நகலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். நேரம் எழுதக் கைக்கடிகாரத்தைத் திருப்பி, உற்றுப் பார்த்து, 9.1 என்று ஆரம்பித்துத் தயங்கினார்.

"ஒன்பதே கால்" என்றாள் அவள். "எழுதுங்க."